சேலத்திலிருந்து டிவி நிருபராக வர நினைக்கும் பெண்களுக்கு

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் சேலம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விடுங்கள். கேமரா வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில் போதும். அன்றைக்கு மக்கள் குறைதீர் நாள். கெங்கவல்லியிலிருந்து விடிகாலை பஸ் ஏறி வந்த பாட்டி பட்டா கேட்டு நாலாவது தடவையாக மனு எழுதிக்கொண்டிருப்பார். ஏதோ ஒரு ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்திருப்பார்கள். வாசலில் போலீசார் ஒவ்வொருவர் பையையும் திறந்து, மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மதியம் வரை அங்கேயே இருந்து மூன்று பேரிடம் பேசுங்கள். பெயர், ஊர், வட்டம், என்ன பிரச்சினை, எத்தனை நாளாக நடக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். எழுதும்போதுதான் ஒருவருடைய ஊர்ப் பெயரில் சந்தேகம் வரும். கேட்கலாம் என்றால் அவர் நம்பரை வாங்காமல் வந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் வயிற்றைப் பிசைந்தால், தூக்கம் வராமல் புரண்டால், இந்த வேலைக்கு நீங்கள் ஆவீர்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

நான் 14 ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் மைக் பிடிக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று பெண்களாவது 'அக்கா, டிவியில சேரணும், என்ன பண்ணணும்?' என்று வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மனதில் செய்தி வாசிப்பாளர்தான் இருக்கிறார். அதில் தப்பே இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் அம்மா தலைமுறைக்குச் செய்தி என்றால் ஷோபனா ரவியின் முகம். அதற்கும் முன்னால் வானொலியில் 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்ற குரல் கேட்டால் தாத்தா பேச்சை நிறுத்திவிடுவார். இந்தப் பெண்களைப் பார்த்தும் கேட்டும்தான், பெண்பிள்ளை இந்த வேலைக்குப் போகலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டது ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து பேசும் வேலையை. 1999-ல் கார்கில் போர்முனையிலிருந்து பர்கா தத் பேசியபோது ஒரு பெண் நிருபர் களத்தில் நிற்பதை நாடே பார்த்தது. நம் ஊர் வீடுகள் அதை ஏற்றுக்கொள்ள அதற்குப் பிறகும் பல வருஷம் ஆனது.

செய்தி வாசிக்கும் ஸ்டுடியோ அநேகமாகச் சென்னையில் இருக்கும். டெஸ்க்கும் அங்கேதான். டெஸ்க் என்றால் வந்த செய்தியைத் திருத்தி, தலைப்பு வைத்து, ஓடவிடும் ஆட்கள். சேலத்தில் இருந்தபடி செய்ய முடிந்தது நிருபர் வேலை. அதிலும் இரண்டு வகை உண்டு. மாதச் சம்பளத்துக்கு இருக்கும் மாவட்டச் செய்தியாளர் ஒரு வகை, செய்திக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் ஸ்டிரிங்கர் இன்னொரு வகை. ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி போன்ற ஊர்களில் பெரும்பாலும் ஸ்டிரிங்கர்கள்தான். அங்கே தொடங்குவதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

படிப்புக்கு, நம் ஊரிலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தும் வரலாம். தமிழ் இலக்கியமும் வரலாறும் படித்து வந்து நன்றாகச் செய்பவர்களையும் பார்க்கிறேன்.

வேலைக்குச் சேரும்போது வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. நியமனக் கடிதம் தருவீர்களா, சம்பளமா செய்திக் கணக்கா, ஒளிபரப்பாகாத செய்திக்குப் பணம் உண்டா, பெட்ரோல் யார் செலவு, விபத்துக் காப்பீடு உண்டா. 'ஐடி கார்டும் மைக் லோகோவும் தருகிறோம், நீங்கள் விளம்பரம் பிடித்துத் தாருங்கள்' என்று சொல்கிற இடத்தில் காலே வைக்காதீர்கள். கார்டுக்கு உங்களிடமே பணம் கேட்கும் இடத்தில் உட்காரக்கூடச் செய்யாதீர்கள். பிரஸ்மீட் முடிந்ததும் சில இடங்களில் கவர் நீட்டுவார்கள். முதல் நாளே 'வேண்டாங்க' என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை வாங்கினால் அடுத்த முறை அவரைப் பற்றிய செய்தியை எழுதும்போது கை நடுங்கும். முதல் நாள் மறுத்தால் பிறகு யாரும் நீட்ட மாட்டார்கள்.

குரல்

நம் பக்கத்துப் பேச்சில் ஒரு இழுவை இருக்கும், 'ங்க' அதிகம் வரும். அதை அழித்துவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜனங்களிடம் பேச அதுதான் சாவி. ஆனால் மைக்கில் பேசும்போது ழ, ள, ல மூன்றும் மூன்றாகவே கேட்க வேண்டும். பாட்டி சொல்லிக்கொடுத்த 'ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி'யை விடச் சிறந்த பயிற்சி இல்லை. அதோடு தினம் ஒரு செய்தித்தாள் பத்தியைச் சத்தமாக வாசித்து போனில் பதிந்து கேளுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் வருகிறது என்று எண்ணுங்கள். எனக்கு ஏறக்குறைய 90 வரும். உங்கள் கணக்கு தெரிந்துவிட்டால், டெஸ்க் '40 செகண்ட் வாய்ஸ் கொடு' என்றதும் எவ்வளவு எழுத வேண்டும் என்று தடுமாற மாட்டீர்கள்.

மாவட்டத்தை மனப்பாடமாக்குங்கள்

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். எல்லைகள் தெரிய வேண்டும். தொப்பூர் கணவாயில் விபத்து என்றால் சேலம் நிருபருக்குத்தான் முதல் போன் வரும், ஆனால் தொப்பூர் தர்மபுரி மாவட்டம். அவசரத்தில் 'சேலம் மாவட்டம் தொப்பூர்' என்று லைவில் சொல்லிவிட்டால், அடிபட்டவர்களின் சொந்தக்காரர்கள் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதை விட்டு நம் ஜிஹெச் வாசலில் வந்து தேடுவார்கள். ஒரு மாவட்டப் பெயர்தானே என்று விட முடியாது.

அடுத்தது மேட்டூர் அணை. சேலம் நிருபருக்கு மழைக்காலம் முழுக்க இதுதான் தினப்படி. தினமும் நான்கு எண்கள் வரும்: நீர்மட்டம் அடியில், நீர் இருப்பு டிஎம்சியில், நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்குக் கன அடியில். அணை 1934-ல் கட்டி முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. வினாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி சேரும். வரத்து 23 ஆயிரம் என்றால் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு டிஎம்சி என்று மனதிலேயே ஓட வேண்டும். அப்போதுதான் 'வினாடிக்கு 20 ஆயிரம் டிஎம்சி' என்று வாய் தவறும்போது உங்கள் காதே உங்களைப் பிடிக்கும். குறுவைக்கு ஜூன் 12-ல் அணை திறப்பது வழக்கம். அந்த ஒரு தேதிக்காகத் தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்கள் எல்லாம் நம் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு அது அன்றாட அறிவிப்பு. அவர்களுக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்ற முடிவு.

பிறகு தொழில்கள். செவ்வாப்பேட்டை வெள்ளிக் கொலுசு, அம்மாபேட்டைத் தறி, ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலையும், ஓமலூர்ப் பக்கம் வெல்லம், உருக்காலை. ஒவ்வொன்றிலும் போன் செய்தால் எடுக்கும் ஆள் இரண்டு பேராவது உங்களுக்கு இருக்க வேண்டும். சங்கத் தலைவர் நம்பர் எல்லோரிடமும் இருக்கும். பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் நம்பரை நீங்கள் வைத்திருங்கள்.

ஒரு தறி வீட்டில் ஷூட்டிங்

விஷுவலும் பைட்டும் எப்படி எடுப்பது என்பதை ஒரு நாள் நடந்ததை வைத்தே சொல்கிறேன். விஷுவல் என்றால் செய்தியில் ஓடும் காட்சிகள், பைட் என்றால் ஒருவர் கேமரா முன் சொல்லும் சில விநாடிப் பேச்சு.

அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்யும் ஒரு அக்கா வீடு. கூலிப் பிரச்சினை பற்றிய செய்தி. உள்ளே நுழைந்ததும் கேமராமேன் லைட்டைப் போடப் போனார், நிறுத்தச் சொன்னேன். முதலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அவர் நெய்துகொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார். அப்புறம்தான் கேமரா ஓடியது. முதலில் தெரு, பிறகு வீட்டு வாசல், பிறகு தறி முழுவதும், கடைசியாக நெருக்கத்தில் மிதிக்கட்டையில் கால், நாடா ஓடும் கை, பாவு மேல் குனிந்த முகம். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து விநாடியாவது அசையாமல் எடுக்கச் சொல்லுங்கள். யாரும் பேசாமல் தறிச் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டர் உங்களைக் கும்பிடுவார்.

பைட் எடுக்கத் தறியை நிறுத்தியாக வேண்டும். தறி நின்றால் அவர் கூலி நிற்கிறது. அதனால் கேள்வியை முன்னாலேயே தயாராக வைத்துக்கொண்டு, 'உங்களுக்கு எப்ப தோதோ அப்ப நிறுத்துங்கக்கா' என்று காத்திருங்கள். 'கூலி குறைஞ்சிருச்சாங்க?' என்று கேட்டால் 'ஆமாங்க' என்பதோடு முடிந்துவிடும். நான் 'போன மாசம் கூலி கைக்கு வந்ததும் மொதல்ல எதுக்குக் கொடுத்தீங்க?' என்று கேட்டேன். 'கரண்டு பில்லுக்குங்க. அப்புறம் புள்ளையோட வேன் ஃபீசு. மளிகைக் கடைக்காரரைப் பாத்தா அந்தப் பக்கமா சுத்திக்கிட்டுப் போயிட்டிருக்கேன்' என்றார். 12 விநாடிதான் இருக்கும். மொத்தச் செய்தியும் அதில் வந்துவிட்டது.

முடிந்ததும் பெயரை அவர் வாயாலேயே கேமராவில் சொல்ல வைத்துவிடுங்கள். கீழே போடும் பெயரில் தப்பு வராது. கிளம்பும் முன் இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: 'மளிகைக் கடை விஷயம் டிவியில வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?' நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, 'இருக்கட்டும், நெசந்தானே' என்றார். வேண்டாம் என்றிருந்தால் அதை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருப்பேன். அந்த மளிகைக் கடைக்கு அவர் நாளைக்கும் போக வேண்டும். அந்தத் தெருவுக்கு நானும் போக வேண்டும். சென்னையில் இருக்கும் டெஸ்க்குக்கு இது புரியாது, குறை சொல்லவில்லை, அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி.

எழுதும்போது சின்ன வாக்கியம். 'பரபரப்பு', 'அதிர்ச்சி', 'பெரும் சோகம்' மூன்றையும் முதல் வருஷம் தொடாதீர்கள். கைதானவர் தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவர்தான், குற்றவாளி இல்லை. விபத்தில் எத்தனை பேர் என்ற எண்ணை எந்த அதிகாரி சொன்னார் என்பதோடு சேர்த்தே சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்குப் போகும்போது

கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் எல்லோரும் எடுப்பார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது மழை நாள் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மண் சரிந்து அந்தப் பாதையை மூடினால் குப்பனூர் வழியாக ஏற வேண்டும். கிளம்பும் முன் போலீசிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரலைக்குப் படத்தை அனுப்பும் கருவியான லைவ் பேக்கில் எத்தனை சிம் போட்டிருந்தாலும் மலைக் கிராமங்களில் சிக்னல் போய்விடும். பதிவு செய்து டவுனுக்கு வந்து அனுப்புகிறேன் என்று டெஸ்க்கிடம் கிளம்பும்போதே சொல்லிவிட்டால், பாதி வழியில் பத்து போன் வராது. மேலே குளிரில் கிடந்த கேமராவை அடிவாரத்து வெக்கையில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள்.

சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. இவர்கள் பேசுவது தமிழ், கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஒருமுறை சாலை வசதி கேட்ட கிராமம் பற்றி நான் அனுப்பிய செய்தி, திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலில் 'ஏற்காட்டில் கேரள மக்கள் போராட்டம்' என்று ஓடியது. நான் பதறி போன் செய்து மாற்ற வைப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிட்டது. அந்த ஊர்ப் பெரியவர் மறுநாள் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. 'எங்க மலையில நாங்களே வெளியூரா, கண்ணு?' என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து செய்தியின் முதல் வரிக்கு மேலே 'மலையாளி = சேலம் மலைப் பழங்குடி, தமிழர்' என்று எழுதித்தான் அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காட்டக் கூடாதவை

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் குற்றம். குழந்தை என்றால் 2012 போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் சொல்லக் கூடாது என்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பள்ளிச் சீருடையின் நிறம், வீட்டுக் கதவு, தெருப் பலகை, பைட் கொடுக்கும் தாய்மாமன், இதில் ஒன்று போதும் ஊருக்குத் தெரிய. அந்தத் தெருவின் டீக்கடைக்காரர் இந்த விஷுவலைப் பார்த்தால் யார் வீடு என்று சொல்லிவிடுவாரா? எடிட்டுக்கு அனுப்பும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தற்கொலைச் செய்தியில் எப்படி என்ற விவரம் வேண்டாம், 104 உதவி எண்ணைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

ஜிஹெச் பிணவறை வாசலுக்கு அடிக்கடி போக வேண்டிவரும். என் இரண்டாவது வருஷத்தில், மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவின் முகத்துக்கு நேரே மைக் நீட்டினேன். டெஸ்க் போனில் 'பைட் வந்துச்சா' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மா மைக்கைத் தள்ளவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, அதில் யாராவது பதில் சொல்வார்கள் என்பதுபோல, 'எம் பையன எப்பக் குடுப்பீங்க?' என்று கேட்டார். நான் மைக்கை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய் விசாரித்து, பிரேதப் பரிசோதனை எத்தனை மணிக்கு முடியும் என்று வந்து சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வாசலில் யாரிடமும் நானாக பைட் கேட்டதில்லை. பேச விரும்புகிறவர்கள் தாங்களே வருவார்கள். வராவிட்டால் கட்டடத்தையும் போலீஸ் தரப்பையும் வைத்துச் செய்தியை முடிக்கலாம். டெஸ்க் திட்டும், திட்டட்டும்.

உடம்பும் ராத்திரியும்

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் நிருபர்கள் நிறைய. சிறுநீர்த் தொற்று வந்து படுத்த பிறகுதான் வெளியே சொல்வார்கள். தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள். நீங்கள் போகும் ஒவ்வொரு ஊரிலும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எங்கே என்று, போலீஸ் ஸ்டேஷன் நம்பரைக் குறிப்பதுபோலவே நோட்டில் குறித்து வையுங்கள். மகளிர் காவல் நிலையம், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், தெரிந்த டீச்சர் வீடு என்று ஒன்று இருக்கும். பையில் நாப்கின், மாற்றுத் துணி, கடலை மிட்டாய், பவர் பேங்க், மழைக் கோட்டு எப்போதும் கிடக்கட்டும். காலர் மைக் குத்த இடமுள்ள, பாக்கெட் உள்ள சுடிதார் தைத்துக்கொள்ளுங்கள். டூவீலர் லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். இரவுச் செய்திக்குக் கிளம்பும்போது எங்கே, யாரோடு, எந்த வண்டியில் என்று வீட்டில் ஒருவருக்கும் அலுவலகத்தில் ஒருவருக்கும் மெசேஜ் போய்விட வேண்டும்.

பாலியல் தொந்தரவு வந்தால் மூடி மறைக்காதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் உள்புகார் குழு இருந்தாக வேண்டும். அதைவிடக் குறைவான ஆட்கள் என்றாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வேலைக்காகப் போன இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் சட்டத்தின் கண்ணில் பணியிடம்தான். தேதி, நேரம், மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இதே ஊரில் மற்ற சேனல் பெண்கள் உங்களுக்குப் போட்டி இல்லை, முதலில் போன் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான்.

செய்தி ஓடும் நாள்

பைட் கொடுத்தவருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லுங்கள். நேரம் மாறினாலும் சொல்லுங்கள், வரவே இல்லை என்றாலும் ஏன் என்று சொல்லுங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தறிச் செய்தி இரவு ஏழரைக்கு என்று இருந்தது. ஏதோ பிரேக்கிங் வந்து தள்ளிப்போனது. ஏழே காலுக்கு அம்மாபேட்டைக்கு போன் செய்தேன். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல்தான் வருமாம் அக்கா என்றேன்.

'சரி கண்ணு, அப்ப எல்லாரையும் சாப்ட்டுட்டு வரச் சொல்றேன்' என்றார்.